கடைசி வார்த்தையைக் கூட்டத்துக்கு விடுவது

“மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை…” என்று யாராவது தொடங்கினால், தமிழ்நாட்டில் கொஞ்சம் வயதானவர்கள் மிச்சத்தை அவர்களே முடித்துவிடுவார்கள். தேர்தல் கூட்டம் ஒன்றுக்குத் தாமதமாக வந்து சேர்ந்த அண்ணா, தூக்கக் கலக்கத்தில் காத்திருந்த மக்களைப் பார்த்துச் சொன்னதாகப் பரவியிருக்கும் வரி இது. சொல்கிறவரைப் பொறுத்து நடுவில் ஒன்றிரண்டு சொல் மாறும். கடைசிச் சொல் மட்டும் யார் வாயிலும் மாறுவதில்லை: முத்திரை.

இதை ‘அடுக்குமொழி’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். காதுக்கு இனிமையாக இருக்கிறது, கை தட்டுகிறார்கள், அவ்வளவுதானே என்று. ஆனால் அந்த வரி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதல் மூன்றும் கூட்டத்துக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள். மாதம் சித்திரைதான். மணி பத்தரைதான். தூக்கம் கண்ணைச் சுற்றுவதும் நிஜம்தான். கேட்பவர் மனதுக்குள் மூன்று முறை ‘ஆமாம்’ சொல்லியாயிற்று. நான்காவதாக வருவது தகவல் இல்லை, கோரிக்கை. ஆனால் அதற்குள் காது அதே ஓசையில் முடியும் இன்னொரு சொல்லைத் தேடத் தொடங்கிவிடுகிறது. ஓட்டுக் கேட்டு வந்தவர் வாயிலிருந்து அது என்னவாக வரும் என்று ஊகிக்கப் பெரிய புலமை தேவையில்லை. பேச்சாளர் சொல்வதற்கு ஒரு நொடி முன்பே கூட்டம் அதைப் பிடித்துவிடுகிறது. தானே கண்டுபிடித்த சொல்லோடு யாரும் சண்டை போடுவதில்லை.

மேடைப் பேச்சுக்கான அறிவுரைகளில் பெரும்பகுதி பேசுகிறவரின் உடம்பைப் பற்றியது. நிமிர்ந்து நில், கண்ணைப் பார், கையைக் கட்டாதே, குரலை ஏற்றி இறக்கு. தப்பொன்றுமில்லை, செய்யலாம். ஆனால் ஒருவர் இணங்குவதோ இணங்காததோ அவருடைய தலைக்குள் நடக்கும் காரியம். தமிழ் மேடையில் உண்மையிலேயே ஆட்களை நகர்த்திய பேச்சுகளை எடுத்துப் பார்த்தால் ஒரு பொதுக்குணம் தெரிகிறது. வாதத்தின் கடைசி அடியைப் பேச்சாளர் எடுத்து வைப்பதில்லை. கூட்டத்தை வைக்க விடுகிறார்.

இந்த மேடை நாம் நினைக்கிற அளவுக்குப் பழையதில்லை. பாட்டு, கூத்து, கதாகாலட்சேபம், கோயிலில் புராணம் படித்துப் பொருள் சொல்வது எல்லாம் நெடுங்காலமாக உண்டு. ஒருவர் எழுந்து நின்று, இசைத்துணை இல்லாமல், உரைநடையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, முன்னால் இருப்பவர்களிடம் நேரடியாக வாதாடுகிற முறை வேறு. பாதிரியார்களின் பிரசங்கம்தான் அதற்கு வழி திறந்தது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியாக இருந்த ஆறுமுக நாவலர் அந்த முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதையே எடுத்து, 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தமது முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். எதிராளியின் ஆயுதத்தை அவனிடமே கற்றுக்கொண்ட கதை இது. தமிழ் மேடையில் பிறகும் இதே கதை பல முறை நடந்திருக்கிறது.

அடுத்த பெரிய திருப்பம் சுதேசிக் காலம். 1907 மே மாதம் வங்காளத் தலைவர் விபின் சந்திர பால் சென்னைக் கடற்கரையில் பேசியபோது கூட்டம் திரண்டது, ஆனால் அவர் பேசியது ஆங்கிலத்தில். அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பேசினார்கள். கேட்டவர்களில் கோரல் மில் தொழிலாளர்களும் இருந்தார்கள். பிப்ரவரி கடைசியில் மில்லில் வேலைநிறுத்தம், மார்ச் 12-ல் இருவரும் கைது, மறுநாளே திருநெல்வேலியில் கலவரம். வழக்கில் அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்ட முக்கியமான சான்று அவர்கள் பேசிய பேச்சுகள்தான். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது, பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. தமிழில் மேடைப் பேச்சுக்கு என்ன பலம் என்பதை நம்மவர்களுக்கு முன்பே ஆங்கிலேய அரசு மதிப்பிட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, கடைசி அடியைக் கூட்டத்துக்கு விடுவது என்றேன். அது எதுகையால் மட்டும் நடப்பதில்லை.

இந்தியைப் பெரும்பான்மையோர் பேசுகிறார்கள், ஆகவே அதுவே ஆட்சிமொழி என்ற வாதத்துக்கு அண்ணா கொடுத்ததாகச் சொல்லப்படும் பதிலைப் பாருங்கள். எண்ணிக்கைதான் கணக்கு என்றால் காக்கையைத்தானே தேசியப் பறவையாக்கியிருக்க வேண்டும், ஏன் மயிலை வைத்தார்கள்? இவ்வளவுதான். இந்தியைப் பற்றி இதில் ஒரு குறைகூட இல்லை. எதிராளியின் விதியை அவர் மறுக்கவுமில்லை. ‘சரி, உங்கள் விதியையே வைத்துக்கொள்வோம்’ என்று அதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறார். அங்கே அது கேலிக்கூத்தாகிறது. கூட்டம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்புதான் தீர்ப்பு. ‘ஆகவே பெரும்பான்மை என்பது போதுமான காரணம் ஆகாது’ என்ற முடிவு வாக்கியத்தை அவர் சொல்லியிருந்தால் பாதி வேகம் போயிருக்கும்.

இதோடு ஒரு வேடிக்கையும் உண்டு. எலிதானே அதிகம், ஏன் புலியைத் தேசிய விலங்காக்கினார்கள் என்று இதே வாதத்தில் இன்னொரு அடியையும் அண்ணா பெயரில் சொல்வார்கள். வாட்ஸ்ஆப்பிலும் சுற்றுகிறது. புலி தேசிய விலங்கானது 1970-களில். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3-ல். ஆக, யாரோ பின்னால் சேர்த்தது அது. ஒரு வாதத்தின் அமைப்பு கூட்டத்தின் கைக்குப் போய்விட்டால் அவர்களே அதற்கு அடுத்த உதாரணத்தைச் செய்துகொள்கிறார்கள். ஒரு பேச்சாளருக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேண்டுமா என்ன?

பெரியாரிடம் இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. எதுகை கிடையாது, உச்சரிப்பில் மேடைப் பகட்டு கிடையாது. பேச்சுத் தமிழ், அதுவும் சில இடங்களில் கொச்சையாகவே. மணிக்கணக்கில் பேசுவார். அண்ணாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது பேச்சாகவே படாது. ஆனால் அவரிடமும் அந்தக் கடைசி அடி உண்டு. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவுக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்கிற ஆள் தன் நம்பிக்கைகளைத் திட்டுகிறார்களே என்ற கோபத்தோடு வந்திருப்பார். அவரிடம் போய் ‘நீயே முடிவு செய்’ என்றால் அடிக்க ஓங்கிய கை கொஞ்சம் தாழ்கிறது. 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் அவர் பேசியதுதான் கடைசிப் பேச்சு. வயது 94. நடுவில் வலி தாங்காமல் ‘அம்மா, அம்மா’ என்று முனகியிருக்கிறார், பிறகு தொடர்ந்து பேசியிருக்கிறார். ஐந்தாம் நாள் இறந்துபோனார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்குப் பேச்சின் எந்த வாதத்தைவிடவும் அந்த முனகலும் அதற்குப் பிறகு வந்த அடுத்த வாக்கியமும் அதிகம் சொல்லியிருக்கும். இதை நுணுக்கம் என்று கற்றுக்கொடுக்க முடியாது. பேசுகிறவரின் வாழ்க்கை பேச்சுக்குப் பின்னால் நிற்கிறதா என்று கூட்டம் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

விளிக்கும் சொல்லுக்கும் இதில் பங்கு உண்டு. கலைஞர் “என் உயிரினும் மேலான…” என்று தொடங்கி இழுத்து நிறுத்துவார். அந்த இடைவெளியிலேயே ஆரவாரம் கிளம்பிவிடும். “அன்பு உடன்பிறப்புகளே” என்று அவர் முடிக்கும்போது சொல் காதில் விழாது. விழ வேண்டிய அவசியமும் இல்லை. எம்.ஜி.ஆருக்கு ‘ரத்தத்தின் ரத்தம்’, அண்ணாவுக்குத் ‘தம்பி’. உறவுமுறை சொல்லி அழைத்த பிறகு கேட்பவர் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது. அண்ணன் பேசுகிறான், தம்பி எழுந்து போகலாமா?

இந்த வித்தை இருபதாம் நூற்றாண்டுக் கட்சிகளின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. தமிழில் ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு என்று நான் நினைப்பது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைதான். கண்ணகியின் கோபத்தை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அவள் பேச்சின் கட்டுமானத்தை யாரும் அவ்வளவாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீ யார் என்றுதான் பாண்டியன் கேட்கிறான். ‘தேரா மன்னா’ என்று ஓர் அறை. பிறகு அவள் தன் ஊரைச் சொல்கிறாள். எப்படிச் சொல்கிறாள்? ஒரு புறாவின் துயரைத் தீர்த்த அரசனும், ஒரு பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட்டதால் பெற்ற மகனையே தேர்ச் சக்கரத்தில் இட்ட அரசனும் இருந்த புகார் என் ஊர் என்கிறாள். விலாசம் கேட்டவனிடம் அளவுகோலை நீட்டுகிறாள். ‘நீ அப்படிப்பட்ட அரசனில்லை’ என்று அவள் சொல்லவில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்துகொள்ள வேண்டியவன் அவன்.

பாண்டியனும் லேசானவன் இல்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது, அதுதான் அரசநீதி என்று பதில் வைத்திருக்கிறான். பொதுவாகப் பார்த்தால் அது சரியான பதிலும்கூட. இந்த இடத்தில் நம்மில் பலர் அரசநீதியைப் பற்றி வாதாடப் போய் மாட்டிக்கொள்வோம். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இருக்கும் மணி, மாணிக்கம் என்று ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறாள். அவன் தன் வாயால் சொல்கிறான், எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று. இருவரும் தங்கள் சொல்லை அவை நடுவே வைத்தாகிவிட்டது. இனிமேல் யாரும் மாற்றிப் பேச முடியாது. அதற்குப் பிறகுதான் சிலம்பு உடைகிறது. மாணிக்கம் தெறிக்கிறது. ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்ற தீர்ப்பைச் சொல்பவன் பாண்டியன்தான், கண்ணகி இல்லை. எதைக் கண்டால் தன் பக்கம் தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை எதிராளியையே முதலில் சொல்லவைத்துவிட்டு, அப்புறம் அதைக் காட்டுவது. வக்கீல்களுக்கு இது நன்றாகத் தெரியும், மேடையில் ஏறுகிறவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

தயாரிப்பு பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. நல்ல பேச்சாளருக்கு எல்லாம் அந்த நேரத்தில் தானாக வரும் என்று. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் முன்னால் மார்ட்டின் லூதர் கிங் பேசியதை இதற்குச் சாட்சியாகச் சொல்வார்கள். எழுதி எடுத்துவந்த உரையின் கடைசிக் கட்டத்தில், அருகில் இருந்த பாடகி மகாலியா ஜாக்சன் ‘அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டுவிட்டு, உலகமே இன்று நினைவில் வைத்திருக்கும் பகுதியைப் பேசினார். உண்மைதான். ஆனால் அந்தக் கனவுப் பகுதியை அவர் இரண்டு மாதம் முன்பு டெட்ராய்ட்டில் பேசியிருக்கிறார், அதற்கு முன்பும் பேசியிருக்கிறார். தாளில் இல்லாதது மட்டும்தான் புதிது. பல கூட்டங்களில் பேசிப் பேசி எந்தச் சொல்லுக்கு எங்கே குரல் எழும் என்று தெரிந்துவைத்திருந்த பகுதி அது. முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வது ஆபத்து, ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடும். தொடக்கத்தையும் முடிவையும் சொல்லுக்குச் சொல் தயார் செய்துகொண்டு, நடுவில் வருவதற்கு மூன்று நான்கு குறிப்புகளைத் துண்டுச் சீட்டில் வைத்துக்கொள்வதே பெரும்பாலோருக்குப் போதும்.

பயம்? எல்லோருக்கும் உண்டு. திருக்குறளில் ‘அவையறிதல்’ 72-ஆம் அதிகாரம், ‘அவையஞ்சாமை’ 73-ஆம் அதிகாரம். அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதில் கோபமாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் பயத்தில் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். மிச்சப் பாதி, பேசத் தொடங்கிய முதல் நிமிடத்தில் போகும்.

அந்த முதல் நிமிடத்தைத்தான் நம் ஊரில் வீணடிக்கிறோம். ‘விழாவுக்குத் தலைமை தாங்கும் அவர்களே, முன்னிலை வகிக்கும் அவர்களே, வாழ்த்துரை வழங்க வந்திருக்கும் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் அவர்களே…’ முடிக்கும்போது கூட்டம் செல்போனுக்குள் போயிருக்கும். யார் பெயராவது விட்டுப்போனால் மனஸ்தாபம் வேறு. தலைவருக்கும் கூட்டத்துக்கும் ஒரே ஒரு வணக்கம் வைத்துவிட்டு விஷயத்துக்குள் போகிறவரை யாரும் தப்பாக நினைப்பதில்லை, உள்ளுக்குள் வாழ்த்துவார்கள்.

மைக்கைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதே இல்லை. ஒலிபெருக்கி வருவதற்கு முன் கடைசி வரிசைவரை எட்டுகிற தொண்டைதான் பேச்சாளரின் முதல் தகுதி. ஒலிபெருக்கி அந்தத் தகுதியை ரத்து செய்துவிட்டது. அண்ணாவின் குரலும் கலைஞரின் குரலும் கரகரத்த குரல்கள். பழைய கணக்கில் மேடைக்கு லாயக்கில்லாதவை. மைக் அந்தக் கரகரப்பையே அடையாளமாக்கிக் கொடுத்தது. அதைவிட முக்கியம், மைக் வந்த பிறகு மெதுவாகப் பேசவும் நிறுத்தவும் முடிந்தது. இன்றைக்கும் மைக் முன்னால் நின்று கத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்து, சாதாரணக் குரலில் பேசினாலே போதும்.

இந்த வித்தைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1967 தேர்தலில் தி.மு.க. வைத்த வாக்குறுதி: ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். இதன் இழைப்பைப் பாருங்கள். பெரிய எண்ணுக்கு ‘லட்சியம்’, சின்ன எண்ணுக்கு ‘நிச்சயம்’. சட்டப்படி பார்த்தால் வாக்குறுதி ஒரு படிதான். ஆனால் அரிசித் தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருந்தவர் காதில் முதலில் விழுந்தது மூன்று. ஆட்சிக்கு வந்த பிறகு ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது, மாநிலம் முழுவதற்கும் போகவில்லை. கேட்பவரை முடிக்க விட்டால் அவர் தமக்குச் சாதகமாகவே முடித்துக்கொள்வார். பேசுகிறவர் ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்று சொல்லிக்கொள்ளலாம். எனவே கேட்கும் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, இந்த முடிவை அவர் சொன்னாரா, நானாகப் போட்டுக்கொண்டேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பெரிய மேடைகளை விட்டுவிட்டு, நம்மில் யாரும் எழுந்து பேசக்கூடிய ஓர் இடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவுக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை என்று ஒருவர் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வருகிற பேச்சு இது: “நமது ஊராட்சியில் குடிநீர் விநியோகம் மிகவும் சீர்கெட்டுக் கிடக்கிறது. அதிகாரிகள் அலட்சியப் போக்கைக் கடைப்பிடிக்கிறார்கள். பொதுமக்கள் சொல்லொணாத் துன்பத்துக்கு ஆளாகிறார்கள். போர்க்கால அடிப்படையில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.” ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் முடிவுகளை எல்லாம் பேசுகிறவரே எடுத்துக்கொண்டுவிட்டார். மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு ‘அலட்சியம்’ என்ற சொல் ஒன்று போதும், மறுத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அதையே இப்படிப் பேசலாம்: “தலைவரம்மா, பள்ளிக்கூடத் தெருவுக்கும் எங்க தெருவுக்கும் ஒரே டேங்க்தான். அங்கே வீட்டுக்கு எட்டு குடம் வருது, எங்களுக்கு ரெண்டு குடம். சரி, பைப்பு பழசு, மேடான தெரு, எங்களுக்கும் தெரியுது. போன ஆகஸ்ட் கூட்டத்துல இதே இடத்துல பேசினோம். அன்னைக்கு என்ன தீர்மானம் போட்டோம்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்லை. செயலர் சார், அந்தத் தீர்மானப் புத்தகத்தைக் கொஞ்சம் வாசிங்க.”

யாரையும் குற்றம் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு சொல்லப்போகும் சாக்கை (பழைய பைப்பு, மேட்டுத் தெரு) இவரே முன்கூட்டி எடுத்து ஒப்புக்கொண்டுவிட்டார், அவர்களுக்குச் சொல்ல வேறு மிச்சமில்லை. சதவீதம், லிட்டர் என்று போகாமல் குடத்தில் கணக்குச் சொல்லியிருக்கிறார், கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தக் கணக்கு இடுப்பில் தெரியும். அந்த ‘ஞாபகம் இல்லை’ கொஞ்சம் நடிப்புதான், மன்னிக்கலாம். செயலர் தம் வாயால் ஊராட்சியின் சொந்தத் தீர்மானத்தை வாசிக்கும்போது, செய்ததா செய்யவில்லையா என்ற கேள்வியை இவர் எழுப்ப வேண்டியதில்லை. முன்வரிசையில் யாராவது ஒருவர் எழுப்பிவிடுவார்.

வாசித்து முடித்த பிறகு பலர் செய்கிற காரியம், ஆவேசத்தில் மறுபடியும் பேசத் தொடங்குவது. அந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. சத்தம் அடங்கும்வரை நின்றுகொண்டே இருக்கலாம். அடங்கியதும் எந்தத் தேதிக்குள் என்று மட்டும் கேட்டு, அந்தத் தேதியையும் இன்றைய தீர்மானத்தில் எழுதச் சொல்லி, எழுதிய வரியை ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும்.